எந்தப் பக்கம் நின்றாய்?

அன்புத் தம்பிக்கு,

அன்பு என்று எழுதவே கை கூசுகிறது.

நேற்று அரசருடைய அமைச்சரின் ஆட்கள் எங்கள் கன்னியர் மடத்துக்குள் புகுந்து, கூரையில் இருந்த ஈயத்தகட்டை உரித்து வண்டியில் ஏற்றினார்கள். "யாரைக் கேட்டுக் கூரையைப் பிரிக்கிறீங்க?" என்று அவர்கள் தலைவனிடம் சண்டைக்குப் போனேன்.

"என்கிட்ட ஏன் எரிஞ்சு விழுறீங்க சிஸ்டர்? நாடாளுமன்றமே மடங்களை மூடச் சட்டம் போட்டிருக்கு. உங்க தம்பியும் அதுல ஒருத்தர்தானே!" என்று சிரித்தான்.

நீ அதற்குச் சம்மதித்திருப்பாய் என்று நான் நம்பவில்லை. மன்றத்தில் உன்னோடு உட்காரும் துணி வியாபாரி ஜெர்வாஸ் இன்று வந்தார். "சம்மதிக்கிறவங்க ஒரு பக்கம், மாட்டேங்கிறவங்க மறுபக்கம் போய் நிக்கச் சொன்னாங்க. உங்க தம்பி முதல்ல மாட்டேன்னு சொன்ன எங்களோடதாம்மா நின்னான். அமைச்சரோட ஆள் பேர் எழுத ஆரம்பிச்சதும் நைசா அந்தப் பக்கம் போயிட்டான்" என்றார்.

அமைச்சரைக் கேட்டால் அரசர் ஆணை என்பார். அரசரைக் கேட்டால் மன்றத்தின் சம்மதம் என்பார். உன்னைக் கேட்டால் நீ அமைச்சரைக் காட்டுவாய். எங்கள் கூரையைப் பிடுங்கியவர் மட்டும் யாருமே இல்லை, அப்படித்தானே?

மடம் போய்விட்டது. கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்ற என் சபதத்தை மட்டும் உங்கள் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. எனக்குப் போக்கிடம் வேறில்லை. உன் வீட்டுக்குத்தான் வருகிறேன். நீ உள்ளே நின்று கதவைச் சாத்தலாம். வெளியே வந்து என் மூட்டையை வாங்கிக்கொள்ளலாம். பேர் எழுத அங்கே எவனும் இருக்கமாட்டான். எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

உன்னை இடுப்பில் சுமந்த
அக்கா