கொலன்னாவையில் நாற்பது வீடுகள்

வெள்ளவத்தை
05.09.2023, செவ்வாய்

அன்புள்ள நிஷாந்திக்கு,

உன்ர ஃபோன் நாலு நாளாய் வேலை செய்யேல்லை. கெம்பஸுக்கும் நீ வரேல்லை. அதால இதை எழுதி, உன்ர போர்டிங்கில பழனியம்மாக்காவிட்டக் குடுத்திட்டுப் போறன். உனக்குக் காய்ச்சல் எண்டு அவ சொன்னவ. உண்மையாய்க் காய்ச்சலாகவே இருக்கட்டும் எண்டு நினைக்கிறன், குறை நினையாதை.

எங்கட ஆய்வைக் கருத்தரங்குக்கு எடுத்திருக்கினம். இறுதி வருசப் பொருளியல் பிள்ளையளுக்குள்ள எங்கட ஒண்டுதான்! அந்தச் சந்தோசத்தில வீடு வீடாய்க் கேட்டு நிரப்பின படிவங்கள் நூற்றிருபதையும் திருப்பிப் பார்த்தனான். வெள்ளவத்தையில நான் எடுத்தது சரி. கொட்டாஞ்சேனையில ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்ததும் சரி. நீ தனியப் போன கொலன்னாவை நாற்பதையும் பார்த்துக்கொண்டு போகேக்குள்ளதான் சந்தேகம் வந்தது. விலை ஏறின பிறகு முதல்ல எதைக் குறைச்சீங்கள் எண்ட கேள்விக்கு முப்பத்தொரு வீடு 'பிள்ளைகளின் முட்டை' எண்டு சொல்லியிருக்கு. அதே சொல்லு, அதே பேனை.

ஞாயிற்றுக்கிழமை நானே அங்க போனனான். நீ எழுதின 17/4 எண்ட இலக்கத்தில எண்ணெய்த் தாங்கி மதில்தான் இருக்கு. முன்னால கடை வச்சிருக்கிற செபஸ்தியன் அண்ணை, "அப்பிடி ஒரு வீடே இல்லையே தங்கச்சி" எண்டார்.

எங்கட ஆய்வைப் பொறுப்பாய்ப் பார்க்கிற யோகராஜ் சேர் வாற திங்கள் நாலைஞ்சு வீட்டுக்குத் தானும் போய்ப் பார்க்கப் போறாராம். எனக்குச் சாப்பாடு இறங்குதில்லை. அம்மா கேட்டால் தலையிடி எண்டுறன். நான்தான் பிழையாய் விளங்கிக்கொண்டன் எண்டு ஒரு வரி எழுது நிஷா. அது போதும்.

உன்ர
சுபோதினி


கொட்டாஞ்சேனை
07.09.2023, வியாழன்

அன்புள்ள சுபோ,

காய்ச்சல் இல்லை. அக்காவை நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். ஆய்வைக் கருத்தரங்குக்கு எடுத்துட்டாங்கன்னு கேட்டதும் பயந்து, ஃபோனையும் நான்தான் நிறுத்தி வச்சேன். நேர்ல கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்பேன்.

நீ விளங்கிக்கிட்டது சரிதான். அந்த நாற்பதும் நானே நிரப்பினது.

முதல் நாள் போகத்தான் செஞ்சேன். முதல் வீட்ல ஒரு அம்மா, துணி தோச்சிக்கிட்டு இருந்தவங்க, கையைத் துடைச்சிட்டு வந்து கதிரை போட்டாங்க. "போன வாரம் எத்தனை நாள் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டீங்க?"ன்னு கேட்டேன். அவங்க திருப்பி என்னையே கேட்டாங்க.

"நீங்க எந்த ஊரு புள்ள?"

"ஹட்டன்."

"உங்கம்மாகிட்ட இதைக் கேட்டீங்களா?"

கேட்டதில்ல சுபோ. மூணு வருஷமாப் பொருளியல் படிக்கிறேன், ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. வெளியில வந்து ரோட்டிலேயே நின்னு அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். முதல்ல சிரிச்சாங்க. அப்புறம்தான் சொன்னாங்க. தம்பிக்கு முட்டை நிறுத்தி எட்டு மாசம் ஆச்சாம். அவங்க ராத்திரியில பிளேன்டீ மட்டும் குடிச்சிட்டுப் படுக்குறாங்களாம். எனக்குத் தெரிஞ்சா படிப்புல மனசு நிக்காதுன்னு மறைச்சிருக்காங்க.

அதுக்கப்புறம் ரெண்டாவது கதவைத் தட்ட எனக்குக் கை வரல. பஸ் ஹோல்ட்ல உட்கார்ந்து எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல வரிசையா இருக்கிற ஒவ்வொரு வீட்டையும் நினைச்சு நினைச்சு எழுதினேன். அங்க அதெல்லாம் உண்மை. ஆனா நாம எழுதினது கொலன்னாவையைப் பத்தி. அது எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலையில, சேர் வெளிக்கிட முன்னாடி, நானே போய்ச் சொல்லிடுறேன். அதுவரைக்கும் நீ வாய் திறக்காத. இது ஒன்னுதான் கேக்குறேன். இன்னொருத்தர் சொல்லி அவர் தெரிஞ்சுக்கிட்டா, அவர் முன்னால என்னால நிக்க முடியாது.

நிஷா


வெள்ளவத்தை
08.09.2023, வெள்ளி பின்னேரம்

நிஷா,

உன்ர கடிதம் மூண்டு மணிக்குத்தான் கையில கிடைச்சது. காலமை பத்து மணிக்கே நான் சேரிட்டச் சொல்லிப்போட்டன்.

மூண்டு நாளாய் உன்னட்டை இருந்து ஒரு சத்தமும் இல்லை. திங்கள் நெருங்க நெருங்க என்னாலை பொறுக்கேலாமல் போச்சு. அவற்ற அறைக்குப் போய், "சேர், படிவங்களில ஒரு பிரச்சினை" எண்டு தொடங்கினனான். "யார் எடுத்தது?" எண்டு கேட்டார். உடனே உன்ர பேரைச் சொல்லிப்போட்டன். 'நாங்கள்' எண்டு சொல்லியிருக்கலாம். ஆய்வில என்ர பேரும்தானே இருக்கு. அந்த நேரம் என்ர பேர் மட்டும் தப்பினால் போதும் எண்டு இருந்தது. அதுதான் உண்மை.

எங்கட ஆய்வைக் கருத்தரங்கிலயிருந்து நீக்கிட்டினம். புதன்கிழமை உன்னை விசாரணைக்குக் கூப்பிடுவினம். நானும் வாறன். கேட்டால், உன்ர கடிதத்தில இருக்கிறதைச் சொல்லுறன், நீ ஓம் எண்டால் மட்டும்.

நாளைக்கு வந்து போர்டிங் வாசல்ல நிற்பன். ஏசோணும் எண்டாலும் இறங்கி வந்து ஏசு.

சுபோதினி


கொட்டாஞ்சேனை
27.09.2023

சுபோதினிக்கு,

நீ ரெண்டு தரம் கீழ வந்து நின்னதை ஜன்னல்ல இருந்து பார்த்தேன். விசாரணை அன்னிக்கு வெளியில வாங்குப் பலகையில உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். நான்தான் கிட்ட வரல.

ஆய்வை அடுத்த வருஷம் திரும்பச் செய்யணும்னு முடிவு சொல்லிட்டாங்க. என் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போகுது. அம்மாகிட்ட நானே சொன்னேன். இன்னும் எவ்வளவு செலவாகும்னு கேட்டாங்க. அப்புறம், "பாதியில விட்டுட்டு மட்டும் வந்துடாத"ன்னாங்க.

நீ சொன்னதுல எனக்குக் கோவம் இல்ல. எப்படியும் வெளியில வர வேண்டியதுதான். எனக்கு ஆறாதது வேற ஒன்னு. பெப்ரவரியில இடம் பிரிக்கும்போது நீ வெள்ளவத்தை ஃபிளாட்டுகளை எடுத்துக்கிட்டே. "கொலன்னாவை உனக்கு லேசு, அவையள் உன்னோட கதைப்பினம்"னு சொன்னே. நானும் தலையாட்டினேன். உனக்குத் தெரிஞ்சவங்க வீடுகள்ல நீ தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே எழுதினே. பட்டினி கிடக்கிறவங்ககிட்ட பட்டினியைப் பத்திக் கேக்குறது எனக்கு லேசுன்னு எப்படி சுபோ நினைச்சே?

இப்ப சேர்கிட்ட கேட்டுட்டு, கொலன்னாவையில உண்மையான வீடுகளுக்குப் போய்க்கிட்டிருக்கேன். ஒரு நாளைக்கு மூணு வீட்டுக்கு மேல என்னால முடியல. இருபத்தெட்டு முடிஞ்சிருச்சு. முட்டைன்னு சொன்னது ஆறு வீடுதான். மருந்தை நிறுத்தினவங்க நிறையப் பேர். நம்ம படிவத்துல மருந்துக்குக் கட்டமே போடலையே, ஓரத்துல எழுதிட்டு வர்றேன்.

இன்னும் பன்னிரண்டு வீடு இருக்கு. சனிக்கிழமை ஒன்பது மணிக்குத் தெமட்டகொடையில கொலன்னாவை பஸ் ஏறுவேன். வர்றதுன்னா வா. கேள்வியை நீ கேளு. நான் எழுதிக்கிறேன்.

நிஷாந்தி