பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தவர்

என் அன்பு வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போலீஸ் பயிற்சி முடியும்வரை போன் தர மாட்டார்கள் என்றால் என்ன செய்வது, பேனாவைப் பிடித்துவிட்டேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஆஸ்பத்திரி கேன்டீனில் கரண்டி பிடித்த கை இது.

உயரம், கண் பார்வை, ஓட்டம் எல்லாவற்றிலும் தேறிவிட்டாய் என்று நீ எழுதியதை அப்பா பஸ் டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டார். வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவரைக்கூட வெளியே கூப்பிட்டுச் சொன்னாராம். கேட்டால்தான் பதில் சொல்லுகிற மனிதர், இப்போது கேட்காமலே சொல்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். நன்னடத்தை விசாரணை சரியாக முடிந்தால்தான் சான்றிதழ், இல்லாவிட்டால் பயிற்சி முடித்தும் வீண் என்று எழுதியிருந்தாய் அல்லவா? அந்த விசாரணைக்குப் போன வாரம் வந்தார்கள். சீருடையில் வருவார்கள் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்க, சாதாரண உடையில் கைப்பையோடு ஒரு அதிகாரியம்மா வந்தார். நேரே நம் வீட்டுக்கு வராமல் கீழ் வீட்டுத் தையல்கார அக்காவிடம், "மாடி வீட்டுப் பொண்ணப் பத்தி விசாரிக்கணும்" என்று ஆரம்பித்திருக்கிறார். அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டார் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். அடையாள அட்டையைக் காட்டினாராம். ஊசியில் நூல் கோக்கவே கண்ணாடி தேடுகிறவள், அதை எங்கே படித்தாள்?

"தங்கமான பொண்ணுங்க. அது இருக்கிற இடமே தெரியாது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது. போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம்னுகூட அதுக்குத் தெரியாது" என்று அளந்திருக்கிறாள். எதிர்க் கடைக்காரருக்கும் கண்ணைக் காட்ட, அவரும் நீ தலை நிமிர்ந்தே பார்த்ததில்லை என்று ஒத்து ஊதியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். உனக்கு நல்ல இடம் அமையட்டும் என்று தெருவே சேர்ந்து பொய் சொல்லியிருக்கிறது.

நீயோ விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி வைத்திருக்கிறாய். தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டு ஸ்டேஷன் வரைக்கும் போனது, சிக்னலைத் தாண்டி அபராதம் கட்டியது எல்லாம். அதிகாரியம்மா மாடிக்கு வந்து, "இதுல எதும்மா உண்மை? ரெண்டும் ஒரே பொண்ணு மாதிரி தெரியலையே" என்று கேட்டார். உன் வேலை என் வாயில் வந்து நிற்கிறது என்று புரிந்தது.

உன்னைப் பெண் பார்க்க வந்த எந்த வீட்டாரிடமும் அந்த லாரி விஷயத்தைப் பற்றி நான் மூச்சு விட்டதில்லை. அதையே அன்றைக்கு ஒன்று விடாமல் சொன்னேன். தெருவே குடத்தோடு நிற்க, லாரிக்காரன் பெரிய வீட்டுத் தொட்டியை நிரப்பப் போனது. நீ லாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. அவன் உன் மேலேயே புகார் கொடுத்தது. ஸ்டேஷனில் அதைத் தப்பாக எழுதியவரிடம் நீ திருத்தி எழுதச் சொன்னது. சொல்லச் சொல்ல எனக்கே ஒரு தைரியம் வந்துவிட்டது. "அவ இருக்கிற இடம் நல்லாவே தெரியும்மா. தெரு முனை வரைக்கும் கேக்கும்" என்றேன். அதிகாரியம்மா சிரித்துவிட்டார்.

பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு கீழே போனேன். விஷயம் தெரிந்ததும் தையல்கார அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, வேலைக்கா? அப்ப இருங்க, வேற சொல்றேன்" என்று உட்கார வைத்தாள். அவள் மகள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தவனை நீ பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி நாலு பேர் முன்னால் கேள்வி கேட்டாயாமே. எனக்கே தெரியாது. சொல்லும்போது அக்கா அழுதுவிட்டாள். அதிகாரியம்மா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். "நீங்க சொன்னதும் உங்க பொண்ணு எழுதினதும் ஒத்துப் போகுது, கவலைப்படாதீங்க" என்று சொன்னார். மேலிடத்து முடிவு இன்னும் வரவில்லை. வரும், நல்லதாகவே வரும்.

ஓடும்போது முழங்கால் வலித்தால் மறைக்காமல் அங்கே இருக்கிற டாக்டரிடம் சொல். ஈர சாக்ஸைப் போட்டுக்கொண்டு திரியாதே. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, அப்பா பஸ்ஸை மட்டும்தான் பழுது பார்ப்பார் போலிருக்கிறது.

ஒன்று சொல்ல மறந்தேன். பஸ் ஏற்றிவிடப் போனபோது அதிகாரியம்மா, "இது விதியில இல்ல, நானாத்தான் கேக்கிறேன். பொண்ணு போலீஸாகிறதுல உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. உண்மையில் பஸ் வர நேரமிருந்தது, எனக்குத்தான் வார்த்தை வரவில்லை.

உனக்குச் சொல்கிறேன். பயமாக இருக்கிறது. சம்மதம். நீ நன்றாக இருக்க வேண்டும். யார் வீட்டுச் சண்டையைத் தீர்க்கப் போனாலும், வேலை முடிந்ததும் நம் வீட்டுக்கு வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா