மைக்கில் சொன்ன மன்னிப்பு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் தோத்திரம். போன் செய்தால் எடுப்பதில்லை, அதனால் காகிதத்தைத் தேடிப் பிடித்தேன். நாங்கள் சுகம். இத்தனை வருஷம் கப்பல் சமையற்கட்டில் நின்ற முட்டிதான் தன் வேலையைக் காட்டுகிறது.

நான்கு ஞாயிறாக உன்னைக் கோவிலில் காணோம். ஜன்னலோரம் உன் இடம் காலியாகவே இருக்கிறது. எல்லாரும் என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். நான் என்ன தப்பு செய்தேன்? அம்மாவை அவளுடைய கடைசிக் காலத்தில் நீ முதியோர் இல்லத்தில் சேர்த்ததை மனசார மன்னித்துவிட்டேன் என்று ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எல்லாரும் கேட்கத்தானே சொன்னேன்? போதகரின் மனைவிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உனக்கு மட்டும் ஏன் கோபம்?

உன் தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

உன்னிடம் யார் மன்னிப்பு கேட்டது? நானா? நீ மைக்கைப் பிடித்து என்னை மன்னித்த பிறகுதான் நான் குற்றவாளி என்றே சபைக்குத் தெரிந்தது. மறுநாள் துணி தைக்க அளவு கொடுக்க வந்தவள், "உங்க தம்பிக்கு எவ்ளோ பெரிய மனசுக்கா!" என்றாள். என் வாயில் குண்டூசி இருந்ததால் தப்பித்தாள்.

அம்மா இரண்டு முறை கதவைத் திறந்துகொண்டு நடுச்சாலைக்குப் போனாள். ஒருநாள் கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தாள். அவளைத் தூக்கி உட்காரவைத்தே என் இடுப்பு போயிற்று. "ஒரு மாசம் வந்து இருடா" என்று உன்னைக் கெஞ்சினேன். "லீவு கிடைக்கலக்கா, நீ பாத்துக்கோ, நான் ஜெபம் பண்றேன்" என்றாய். அதற்குப் பிறகுதான் இல்லம். அங்கேயும் தினமும் மத்தியானம் போய் நான்தான் ஊட்டினேன்.

உன் மன்னிப்பை நீயே வைத்துக்கொள். எனக்கு அது அளவு சரியில்லை.

அக்கா


மார்ச் 20

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள இன்னொரு தடவை மைக் வேண்டும் என்று போதகரிடம் கேட்டேன். "மைக்கை விடுங்க தம்பி. போய் அக்கா வீட்டு மாடிப்படி ஏறுங்க" என்றார். ஏறினேன். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டத் தைரியம் வராமல் இறங்கிவிட்டேன்.

அங்கே சொல்ல வந்ததை எழுதுகிறேன். நீ கெஞ்சியபோது எனக்கு லீவே தேவைப்படவில்லை. கப்பல் ஒப்பந்தம் அந்த மாதம் முடிந்திருந்தது. நான்தான் மறுபடி கையெழுத்துப் போட்டேன். அம்மா என்னைப் பார்த்து "நீ யாருப்பா?" என்று கேட்டால் தாங்கமாட்டேன் என்று பயந்தேன். என் தப்பைப் பார்க்காமல் இருக்க உன் தப்பு எனக்கு வேண்டியிருந்தது. இது என் மனைவிக்கும் தெரியாது.

என்னை மன்னிப்பாயா அக்கா?

தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று வெட்டிய துணியெல்லாம் கோணலாகப் போயிற்று. நீ வந்திருந்தால் அம்மா இல்லத்துக்கே போயிருக்க மாட்டாளோ என்று நினைத்து நினைத்து வயிறு எரிந்தது. "மன்னித்தேன்" என்று எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. பொய் எழுத எனக்கு வராது.

காலையில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்கிற வரி வந்தால் வாயை மூடிக்கொள்வேன். அதைத் தாண்டி மிச்சத்தைச் சொல்லி முடிப்பேன். இன்று அந்த வரியையும் சொன்னேன். வாய்தான் சொன்னது. மனசு மெதுவாக வரட்டும்.

அம்மா என்னையும்தான் தினமும் "நீ யாரும்மா?" என்று கேட்டாள். "உன் மகள்" என்பேன். "அப்படியா, நல்லது" என்று சோற்றுக்கு வாயைத் திறப்பாள். நீயும் வந்து "உன் மகன்" என்று சொல்லியிருக்கலாம்டா. அவ்வளவுதான் அங்கே வேலை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வை. நீ கப்பலிலிருந்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டதால் உனக்குத் தெரியாது: என் பாட்டுப் புத்தகத்தை அம்மாவோடு பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டேன். உன்னுடையதைப் பார்த்துத்தான் பாட வேண்டும்.

அக்கா