மழைக்குப் பிணை நின்ற மச்சானுக்கு

மச்சான்,

நேற்றுப் பின்னேரம் மருமகன் ஒரு சண்டைப் படம் போட்டான். பழைய உலகப் போர். கடல் கடந்து படையை இறக்கவேண்டும். புயல் குறுக்கே நிற்கிறது. தளபதி வானிலைக்காரனைக் கூப்பிட்டு, நாளைக்கா, நாளை மறுநாளா என்று கேட்கிறான். அவன் கோடு கீறிய வரைபடத்தைக் காட்டி ஒரு நாளைச் சொல்கிறான். ஆளுக்கு ஆள் மறுத்துப் பேசினார்கள், கத்தினார்கள். ஆனால் அந்த அறைக்குள் ஒருத்தன்கூட, "உனக்கு இதை யார் சொல்லித் தந்தது?" என்று கேட்கவில்லை. எனக்குப் படத்தின் மேலிருந்த நம்பிக்கை அதோடு போய்விட்டது. நம்முடைய ஊரில் என்றால் அதுதானே முதல் கேள்வி.

இங்கே சண்டை நடந்த அந்த மார்கழியில் வாவி விளிம்பு வரை நிரம்பிக் கிடந்தது. மேற்கே படுவான்கரையில், இயக்கப் பொடியன்மாரின் பிடியில் இருந்த பக்கத்தில், உன்னுடைய வயல் வட்டை முழுவதும் இளம் பயிர். இன்னொரு பெருமழை விழுந்தால் அத்தனையும் தண்ணீருக்குக் கீழே போய்விடும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடும். காலங்காலமாக அப்படித்தான் செய்துவந்தோம். ஆனால் முகத்துவாரம் இருந்தது எங்கள் பக்கம், ஆமியின் கையில். அந்த வாய் திறந்தால் தண்ணீர் மட்டுமா போகும், இயக்கத்தின் வள்ளங்களும் போகுமே என்பது அவர்களுடைய பயம். அதைப் பிழை என்றும் சொல்லமுடியாது.

வட்டைக்காரர் ஆமியோடு பேசுவதற்கு உன்னைத்தான் அனுப்பினார்கள். பொலன்னறுவையில் கடையில் நின்ற காலத்தில் படித்த சிங்களத்தோடு, மொழிபெயர்க்க நான் வந்தேன். முகாமுக்குப் போகும் வழியில்தான், கடலில் தாழமுக்கம், பெருமழை வருகிறதென்று வெளிநாட்டு வானொலியில் கேட்டதாக என் காதுக்குள் சொன்னாய். படுவான்கரைக்கு ஒரு பட்டரி கொண்டுபோகவும் தடை இருந்த காலம் அது. வானொலி பாடினால் பட்டரி இருக்கிறது; பட்டரி இருந்தால் கொடுத்தவன் ஒருத்தன் இருக்கிறான். பட்டரி ஏது என்று கேட்டேன். "உனக்கு என்னத்துக்கு அது?" என்றாய்.

கப்டன் எங்களை வெயிலில் நிற்கவைத்தே பேசினான். அரசாங்க வானொலி மழை பற்றி மூச்சும் விடவில்லையே, உனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்டான். நீ யோசிக்கவேயில்லை. "முழங்கால் குத்துது ஐயா. குத்தினா மழைதான்" என்றாய். அந்தப் பொய்யைச் சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் சொன்னேன். அவன் உன்னை நடந்து காட்டச் சொன்னான். அடேய், என்ன நொண்டல் நொண்டினாய்! சுற்றி நின்ற படையாட்கள் சிரித்தார்கள், கப்டன் சிரிக்கவில்லை. அவனுடைய பங்கர் குழிகளுக்குள்ளும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அதனால் மட்டுமே இணங்கினான். வெட்டுங்கள், ஆனால் மழை பெய்யும்வரை இந்த ஆள் இங்கேயே இருக்கட்டும் என்றான். பெய்யாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

ஊர் திரண்டு மண்வெட்டியோடு இறங்கினோம். வாவி இரைந்துகொண்டு கடலுக்குள் பாய்ந்தது. வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை. அப்போதுதான் எனக்குள் அந்த யோசனை ஓடத் தொடங்கியது. வானொலி என்றாயே, உண்மையில் கேட்டாயா? இல்லை, வள்ளம் விட வழி வேண்டுமென்று பொடியன்மார் சொல்லி அனுப்பியதா? வெட்டிய வாயைப் பார்த்து, இதன் வழியாக எது போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டே நின்றேன். உனக்காகப் பயந்தேன், உன்மேலேயே சந்தேகமும் பட்டேன். இரண்டும் ஒரே வயிற்றுக்குள் கிடந்தன.

மறுநாள் மத்தியானம் கிழக்கே கறுத்தது. பின்னேரம் கொட்டித் தீர்த்தது. முகாம் வாசலில் நனைந்துகொண்டு நின்ற என்னிடம் உன்னை விட்டார்கள். அங்கேயும் நொண்டிக்கொண்டுதான் வந்தாய். தெரு திரும்பியதும் நிமிர்ந்து நடந்து, "பயிர் தப்பிட்டு மச்சான்" என்றாய். உண்மையாகவே தப்பியது.

நீதான் தப்பவில்லை. ஆமி பிடித்து வைத்தவன் ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி வந்தானே, அவர்களுக்கு எதைச் சொல்லிக் கொடுத்தான் என்று அந்தப் பக்கத்தில் இயக்கத்துக்காரர் கேட்டார்கள். விசாரணைக்குக் கூட்டிப்போக ஆள் வந்தது. பிறகு உன் மனிசி வாவி கடந்து வந்து என்னிடம் அழுதாள். "அண்ணன், வாசல்ல வெச்சே முழங்கால் கதையச் சொன்னாரு. அவங்கள் நம்பல்ல" என்றாள். அதற்குப் பிறகு உன்னைக் கண்டவர் எவருமில்லை.

பொடியன்மார் அனுப்பிய ஆள் நீ என்றால் அவர்களே ஏன் உன்னைக் கொண்டுபோனார்கள்? இத்தனை வருடமாக அதையும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். சில நாட்களில் நீ வெறுமனே வானொலி கேட்ட அப்பாவி. சில நாட்களில், அந்தப் பட்டரியைத் தந்த கை யாருடையது என்று மனம் மறுபடியும் அங்கேயே போய் நின்றுவிடும். இருப்பவன்மேல் சந்தேகப்பட்டால் சண்டை பிடித்தாவது தீர்க்கலாம். உன்னை நான் என்ன செய்ய?

படத்தின் முடிவில் வானிலைக்காரனுக்குக் கைகொடுத்தார்கள். மருமகன் டீவியை நிறுத்திவிட்டு, இன்றைக்கு வெள்ளாமை வெட்ட ஆள் சொல்லியிருந்தபடியால், "மாமா, நாளைக்கு மழை வருமா?" என்று கேட்டான். காலையிலிருந்து என் முழங்கால் குத்திக்கொண்டுதான் இருந்தது. நான் வானத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய முகத்தைப் பார்த்தேன்.

"உன்ன ஆரு மனே கேக்கச் சொன்ன?" என்றேன்.