அப்பா முகத்தில் மாவு

ராகலை, இலங்கை
தை மாதம், 1936

அன்பு மகன் பழனியாண்டிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் பினாங்கில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே பனி கொட்டித் தேயிலைக் கொழுந்து கருகிப்போனதால் பாதி நாள் வேலை இல்லை. போன வருஷம் ஏசு பிறந்த நத்தார் பண்டிகைக்குக் கம்பெனியை அடைத்துவிட்டார்கள், எல்லாரும் கொண்டாடப் போய்விட்டார்கள், நான் போக ஒரு வீடில்லாமல் அறையிலேயே படுத்துக் கிடந்தேன் என்று எழுதியிருந்தாயே, இந்த வருஷமும் அப்படித்தான் கிடந்தாயோ என்னவோ. அப்பா அதை அடிக்கடி சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்த நத்தாருக்கு இங்கே நடந்ததை எழுதக் கை கூசுகிறது. புதுத் துரைசாணி சீமையை விட்டு வந்து இதுதான் முதல் நத்தார். எல்லாம் அவள் ஊரில் நடக்கிற மாதிரியே நடக்க வேண்டும் என்று பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் பிள்ளைகளையும் பங்களாவுக்கு அழைத்திருந்தாள். பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிற நத்தார் தாத்தா வேஷம் போட இருந்த துரை, மழையில் பாதை சரிந்து வர முடியாமல் போய்விட்டார். துரைசாணி அப்பா சமைக்கிற பங்களாக் குசினிக்குள் வந்து, அடுப்பில் வான்கோழி வேகும்போதே, உன் உயரத்துக்கும் தொந்திக்கும்தான் பொருந்தும் என்று சொல்லி, சிவப்புச் சட்டையை அப்பாவிடம் நீட்டினாளாம். பஞ்சுத் தாடியும் வைத்தார்கள். அப்பா வெளியே வந்ததும் ஒரு சின்னப் பிள்ளை அவர் கையைப் பார்த்து, கறுப்புத் தாத்தா என்று வீரிட்டு அழுதது. உடனே துரைசாணி கோதுமை மாவைக் கொண்டுவரச் சொல்லி, அத்தனை பேர் முன்னால் அவர் முகத்திலும் கையிலும் பூச வைத்தாள்.

வருஷா வருஷம் கொடுக்கிற மிட்டாய்க்காக லயத்து வீட்டு வரிசைச் சனமெல்லாம் பங்களாப் புல்தரையில் நின்றோம். துரைமார் சிரித்தார்கள், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா சிரித்தார், லயத்துப் பெண்டுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேனடா. பக்கத்தில் நின்ற நாகலெட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே சிரித்துவிட்டேன். அப்பா ஒரு தரம் எங்கள் பக்கம் பார்த்தார். பிறகு எல்லாப் பிள்ளைக்கும் சாமான் கொடுத்து முடித்து, மாவோடேயே குசினிக்குப் போய் வான்கோழியை இறக்கினார்.

மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்தபோது காதோரம் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைக்கப் போனேன், கையைத் தள்ளிவிட்டார். மத்தவங்க சிரிச்சது காதுலேயே விழல, ஒன் சிரிப்பு மட்டுந்தான் விழுந்துச்சு என்றார். அன்றிலிருந்து லயத்து வழியாக வருவதில்லை, தேயிலைக்குள் சுற்றித்தான் வருகிறார். அங்கேயும் பொடிசுகள் எட்டிப் பார்த்து நத்தார் தாத்தா என்று கூப்பிடுகிறதுகள்.

மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டேன். அந்தத் துரைசாணிப் புள்ள கண்ணு கலங்கி நின்னுச்சு, அப்பன் ஆத்தாளை விட்டு வந்த புள்ள, நம்ம பயலை அங்க ஒருத்தரும் கூப்பிடலயே, இதையாவது சிரிக்க வைப்போம்னுதான் போட்டேன், மாவு பூசுவாங்கன்னு நெனக்கல என்றார். எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை. கட்டின புருஷனிடம் மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. இன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டார்.

நத்தார் நல்லாப் போச்சு, நான் போட்ட கேக்கை எல்லாரும் மெச்சினாங்கன்னு மட்டும் எழுது என்றுதான் அவர் என்னிடம் சொன்னார். நீ போடுகிற கடுதாசியை அவர்தான் பிரிப்பார், அதனால் இதைப் பற்றி ஒரு எழுத்தும் வேண்டாம். கேக்கைப் பற்றி மட்டும் கேள். எண்ணெய் தேய்த்துக் குளி, கண்ட தண்ணீரைக் குடிக்காதே. தாயே பராசக்தி உன்னைக் காப்பாற்றட்டும், நீ நூறு வயசு வாழ வேண்டும்.

இப்படிக்கு, உன்னிடம் மட்டும் சொல்ல முடிந்த
உன் அம்மா அம்மாக்கண்ணு