பொட்டு வைத்த இரும்பு

சாக்கைப் பிரித்ததும் கிரீஸ் வாடைக்கு நடுவே லேசாகச் சந்தனம் மணத்தது, மச்சான். நம் தேயிலை ஸ்டோரின் பட்டறையில் உன் பெட்டிக்குப் பின்னால் கிடந்த சாக்கு அது. உள்ளே முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்பு. ஒரு முனை அரிவாள் மாதிரி வளைந்து, நுனியில் சின்னதாக ஒரு மூக்கு. இத்தனை வருஷம் உன்னோடு ஒரே பட்டறையில் கிடந்தவன், இதை நான் பார்த்ததேயில்லை.

உதவிக்கு நின்ற சிங்களப் பையன் சுனில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "மொகக்த மே?" என்றான். இது என்னவென்று தெரிந்திருந்தால் நான் ஏன் அப்படி வியர்த்துப்போய் நின்றிருப்பேன்?

நீ கண்மூடிய பிறகு முதல் தடவையாக அன்று காலை, கொழுந்தை உருட்டுகிற ரோலர் நின்றுவிட்டது. தேய்ந்த புஷ் வளையத்தை மாற்ற, அடியிலிருக்கிற பெரிய வட்ட நட்டைக் கழற்ற வேண்டும். சுற்றிவர வெட்டுகள்தான், எந்த ஸ்பேனரும் பிடிக்காது. அந்த வேலையை எப்போதும் நீதானே பார்ப்பாய், நான் டிரையர் பக்கம். சுனில் வெட்டில் உளியை வைத்து அடித்தான். நட்டு அசையவில்லை, அதன் பல் ஒன்று உடைந்ததுதான் மிச்சம்.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் வந்து பார்த்தார். "மத்தியானத்துக்குள்ள ஓடலன்னா கொழுந்தை வேற ஸ்டோருக்கு ஏத்திருவோம்பா."

பக்கத்துத் தோட்டத்தில் அப்படித்தான் ஒரு நாளைக்கென்று ஏற்றினார்கள். அந்த ஸ்டோர் இன்றைக்கும் பூட்டித்தான் கிடக்கிறது. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். "ரோலர் நின்னாலும் ஒனக்குப் பயம், ஓடினாலும் பயம்" என்பாய்.

அந்த மூக்கை வெட்டில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. நீயே அடித்துச் செய்த ஸ்பேனர்! ஆனால் புரட்டி வைத்தாலும் அதே மாதிரி உட்கார்ந்தது. எந்தப் பக்கம் இழுப்பது?

அப்போதுதான் ஒரு பக்கம் மட்டும் காய்ந்திருந்த சந்தனப் பொட்டைக் கவனித்தேன். சரஸ்வதி பூசைக்கு நான் சுத்தியலில் கண்ட இடத்தில் பொட்டு வைத்தபோது, அதைத் துடைத்துவிட்டு நீ சொன்னது ஞாபகம் வந்தது. "மூஞ்சிலதான்டா பொட்டு வைக்கணும். வேலை செய்றப்ப நம்மளப் பாக்கிற பக்கந்தான் அதுக்கு மூஞ்சி."

பொட்டு என்னைப் பார்க்கும்படி வைத்தேன்.

"அண்ணே, அது இறுக்குற பக்கம்!" என்று சுனில் கத்தினான். "இன்னொரு பல்லு போனா முடிஞ்சிச்சு!"

எனக்கும் அந்தப் பயம்தான். ஆனாலும் இழுத்தேன். கிறீச்சென்று நட்டு இளகியது. அது எதிர்ப்புரி, மச்சான். கழற்றுகிறோம் என்று காலையிலிருந்து நாங்கள் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? உன்மேல் கோபம்தான் வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

மத்தியானத்துக்கு முன்பே ரோலர் ஓடியது. கொழுந்து எங்கேயும் போகவில்லை.

சாயங்காலம் ஸ்பேனரைத் துடைக்க எடுத்தபோதுதான் பார்த்தேன். என் வியர்வையில் பாதிப் பொட்டு கரைந்துவிட்டது. மிச்சப் பாதியில் உன் விரல் ரேகை தெரிந்தது. துடைக்காமல் அப்படியே சாக்கில் சுற்றி வைத்தேன். இந்த வருஷப் பூசைக்கு எல்லாவற்றையும் கழுவிப் புதுப் பொட்டு வைப்பேன், இதை மட்டும் தொடமாட்டேன்.

ஆனால் இந்தப் புஷ்ஷும் தேயும். மறுபடி இதைப் பிடித்து இழுத்துத்தான் ஆகவேண்டும். ரோலர் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எனக்கு இப்போது முதலில் வருவது உன் விரல் ரேகை அழிந்துவிடுமோ என்ற பயம்தான்.