முறை வரும்வரை தாங்குமா

பூண்டுலோயா. செவ்வாய், இரவு. மழை விடவில்லை.

வெளிநாட்டுத் தொழிற்சாலையிலிருந்து பதில் வந்துவிட்டது. பிட்காயின் மைனிங் மெஷினுக்காக நாங்கள் நாலு பேர் சேர்ந்து வடிவமைத்த சிப்பை இப்போது செய்து தர முடியாதாம். பெரிய கம்பெனிகள் இந்த வருட உற்பத்தி முழுவதையும் முன்கூட்டியே பிடித்துவிட்டனவாம். அடுத்த வருடம் கேட்கச் சொல்கிறார்கள். அதற்குள் அந்தக் கம்பெனிகளே இதைவிட வேகமான சிப்பை விற்கும். எங்களுடையதை யார் சீண்டுவார்கள்? மற்ற மூவருக்கும் இன்னும் சொல்லவில்லை.

சாயந்தரம் என் மனைவி செல்வி நனைந்துகொண்டு வந்தாள். எங்கள் துண்டுக் காணியின் தேயிலைக் கொழுந்தைப் பெக்டரி லொறி ஏற்றவில்லை.

"தோட்டத்துக் கொழுந்தே பெக்டரியில குமிஞ்சு கெடக்காம். நம்மளுது நாளைக்குத்தானாம். சாக்குலயே இருந்தா சூடேறி வீணாப்போயிரும்," என்று அறை முழுக்கப் பரப்பினாள். இடம் போதாமல் மிச்சத்தை என் மேசைக்கடியில் குவித்தாள்.

அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

"கொழுந்து ஒரு ராத்திரி தாங்கும். ஒங்க சிப்பு ஒரு வருசம் தாங்குமாங்க?"

தாங்கும் என்றேன். நம்பித் தூங்கிவிட்டாள்.

இப்போது குனிந்து, மேசைக்கடியில் இருந்த குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அடியில் சூடேறத் தொடங்கிவிட்டது.